மாப்பிள்ளையின் ஊரை விசாரித்த கதை

என் தங்கைக்கு முப்பத்தொரு வயது நடந்தபோது அந்தச் சம்பந்தம் வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அதற்கு முன் வந்த நான்கையும் நான்தான் தட்டிக்கழித்தேன். ஒருவன் அதிகம் சிரித்தான், ஒருவன் சிரிக்கவே இல்லை. மற்ற இருவரிடமும் என்ன குறை கண்டேன் என்று இப்போது ஞாபகமில்லை. கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் எனக்கு வேலை: போத்தல் மூடிகளைப் பார்த்துப் பழுதானதை ஒதுக்குவது. எட்டு மணி நேரம் குறை தேடியவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போவதில்லை.

இந்த மாப்பிள்ளையைக் கொண்டுவந்தவர் எங்களுக்குக் கிட்ட, மோர்னிங்சைடில் இருந்த ஓர் அன்ரி. யாழ்ப்பாணத்துப் பையன். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்துப் பெற்றோல் நிலையத்தில் வேலை, அங்கேயே மேல்மாடியில் குடியிருப்பு. தங்கைக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தான். அவள் வாசித்த பிறகு நான் வாசித்தேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கும். அதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

கடிதத்தில் அவனைப் பற்றி ஆறே வரி. மீதி முழுவதும் ஊர்தான். எண்ணூறு வருடப் பழைய தேவாலயம். அந்தக் காலத்தில் வாய்க்காரப் பெண்களைத் தண்டனையாகக் கதிரையில் கட்டி முக்கி எடுத்த குளம். ஏதோ ஓர் அரசன் எதிரிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த ஓக் மரம். இரண்டு உலக யுத்தங்களில் செத்தவர்களின் பெயர் வெட்டிய கல். இப்போது ஊரில் இருக்கும் வீடுகளைவிட அந்தக் கல்லில் பெயர்கள் அதிகமாம். தேவாலயத்துக்கு முன்னால் நின்று எடுத்த படமும் வைத்திருந்தான்.

"பொம்பிளை கேட்டு எழுதுறவன் ஏன் குளத்தைப் பற்றி எழுதுறான்?" என்று தங்கையிடம் கேட்டேன்.

"வேறை என்னத்தை எழுதச் சொல்லுறியள்? எனக்கு அந்தக் குளம் பிடிச்சிருக்கு" என்றாள்.

எனக்குப் பிடிக்கவில்லை. ஊரைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் தன்னைப் பற்றி எதையோ மறைக்கிறான். சனிக்கிழமை நூலகத்துக்குப் போய், இங்கிலாந்துக் கிராமங்களைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைப் பிடித்தேன். அந்த ஊருக்கு நான்கு வரி ஒதுக்கியிருந்தார்கள். தேவாலயத்தின் ஊசிபோன்ற கோபுரம் பல மைல் தூரத்துக்குத் தெரியும் என்று இருந்தது. படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவன் தலைக்கு மேலே மொட்டைச் சதுரக் கோபுரம். அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டான். படம் வேறெங்கோ எடுத்தது, அந்த ஊரிலேயே அவன் இல்லை.

யாழ்ப்பாணம் என்றால் மாப்பிள்ளை விசாரிப்பது சுலபம். அவன் வீட்டுக்குக் கிட்டவுள்ள சந்திக் கடையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தபடி, வழிப்போக்கன் மாதிரிக் கதை கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் மூன்று தலைமுறையும் வெளியே வரும். இந்தக் கிராமத்தில் எங்கள் ஆட்கள் வேறு ஒருவரும் இல்லை. ஆகவே அந்தத் தேவாலயத்துப் பாதிரியாருக்கு, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். இன்ன பெயருள்ளவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா? குடிப்பாரா? பெண் தொடர்பு உண்டா? ஏற்கனவே கல்யாணம் முடித்தவரா? வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டாரா? எதற்காகக் கேட்கிறேன் என்று மட்டும் எழுதவில்லை. விசாரிக்கிறவன் காரணம் சொல்வதில்லை. தங்கைக்கும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, மூன்று பக்கத்தில். அவரும் ஊரைப் பற்றியே எழுதியிருந்தார். ஊசிக் கோபுரத்தை அவர் பிறப்பதற்கு முன்பே இடி விழுத்திவிட்டதாம், புத்தகக்காரர் இன்னும் திருத்தவில்லையாம். அரசன் அந்த ஓக் மரத்துக்குக் கிட்டவும் வந்ததில்லையாம், ஆனால் ஊராரிடம் அதைச் சொல்லக்கூடாதாம். கடைசிப் பந்தியில்தான் அவன் வந்தான். பாதிரியார் இப்படி எழுதியிருந்தார்: ஞாயிறு பின்னேரங்களில் கல்லறைகளின் பாசியைச் சுரண்டிப் பெயர்களைக் குறிக்க உதவுகிறவர், மரியாதையான மனிதர் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். உங்கள் கேள்விகள் என்னைக் கவலைப்படுத்துகின்றன. சபையில் சிலரிடமும் பேசினேன். நாங்கள் அறியவேண்டியது ஏதாவது உண்டா?

நான் 'மரியாதையான மனிதர்' என்ற இடத்தோடு நின்றுவிட்டேன். தங்கையிடம், "செய்யலாம், பெடியன் நல்லவன்தான்" என்றேன். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த ஞாயிறு பின்னேரம் போன் அடித்தது. நான் எடுத்தேன். மாப்பிள்ளை.

"அண்ணை, பாதருக்கு எழுதினது நீங்களோ?"

"ஓம். முறைக்கு விசாரிச்சனான். நல்லாத்தான் சொல்லியிருக்கிறார்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் பதிலுக்குக் கத்த வசதியாக இருந்திருக்கும்.

"ஆறு வருசமா இஞ்சை இருக்கிறன். ஒருத்தரும் என்னைப் பற்றி ஒண்டும் கேட்டதில்லை. இப்ப கடைக்கு வாற கிழவியள், நான் கலியாணம் முடிச்சிட்டு ஒளிச்சிருக்கிறனோ எண்டு கேக்கினம். தாய்மார் பிள்ளையளைத் தனியக் கடைக்கு விடுறேல்லை. கொஞ்ச நாளைக்குக் கல்லறைப் பக்கம் வரவேண்டாம் எண்டு பாதர் சொல்லிப்போட்டார்."

இது எங்கள் வழக்கம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்நிய ஊரில் அவன் சம்பாதித்தது ஒரு நல்ல பெயர் மட்டும்தான். அதை நான் ஒரே கடிதத்தில் கெடுத்துவிட்டேன்.

"இனி இந்தப் பேச்சு வேண்டாம் அண்ணை. தங்கச்சியில ஒரு பிழையும் இல்லை."

"வைக்காதேங்கோ" என்றது இன்னொரு குரல். உள் அறையில் இருந்த மற்றப் போனில் தங்கை. எப்போது எடுத்தாள் என்று தெரியாது.

"எங்களைப் பற்றி நீங்கள் ஆரிட்டையும் விசாரிக்கேல்லையோ?" என்று அவனிடம் கேட்டாள்.

"இல்லை."

"அது உங்கட பிழை. விசாரிச்சிருந்தால் அண்ணையைப் பற்றி முதலே சொல்லியிருப்பினம். என்னைப் பற்றி என்ன கேக்கிறதெண்டாலும் இப்ப என்னட்டைக் கேளுங்கோ." பிறகு என்னிடம்: "அண்ணை, நீங்கள் போனை வையுங்கோ."

வைத்தேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாள். என்ன பேசினாள் என்று இன்றுவரை சொன்னதில்லை. இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்துக்கு டிக்கெட் எடுத்தபோதும் என்னிடம் கேட்கவில்லை, போகிற திகதியை மட்டும் சொன்னாள்.