மடியில் இருந்த கருப்பட்டி

என் மகன் செல்வராசு ஒரு நாள் காலை ஒற்றைச் செருப்போடு வெடிமருந்து கலக்கும் அறைக்குள் நுழையப் பார்த்தான். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அவனுக்கு அங்கேதான் வேலை. செருப்போடு உள்ளே போகக் கூடாது என்பது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். நான் அந்தக் கம்பெனியில் போர்மேன். தோளைப் பிடித்து நிறுத்தினேன். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தான்.

மதுவிலக்கு இருந்த காலம். கள்ளச்சாராயமும் இருந்தது. வேலைக்கு வருகிறவர்களின் வாயை ஊதச் சொல்லி முகர்வதும், மடியைச் சோதித்துப் பீடி, தீப்பெட்டியை எடுத்து வைப்பதும் என் பொறுப்பு.

“ஊதுலே.”

ஊதினான். வாடை இல்லை. என் மூக்கைத்தான் சந்தேகித்தேன்.

வெயில் ஏறுமுன் கலவை முடிய வேண்டும் என்பதால் எல்லோரும் வெறும் வயிற்றோடு விடியலில் வருவோம். எட்டு மணிக்குக் கஞ்சி குடித்ததும் அவன் பழையபடி ஆகிவிடுவான். நடந்தது எதுவும் நினைவிருக்காது. வாரத்தில் இரண்டு முறை, பிறகு மூன்று முறை என்று இது வளர்ந்தது. “போர்மேன் வீட்டுலயே காய்ச்சுதாக போல” என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான்.

அந்த வாரம் அவன் மடியில் இரண்டு கருப்பட்டிக் கட்டிகள் கிடைத்தன. சாராய ஊறலுக்கு அதுதான் முதல் சரக்கு.

“எதுக்குலே இது?”

“தின்னா தெளியுதுப்பா.”

“எது தெளியுது? குடிச்சதா?”

கட்டிகளைக் கிணற்றில் எறிந்தேன். கை நடுங்குகிறவனைக் கலவையில் விட்டால் அவனோடு பத்துப் பேர் போவார்கள் என்பதால் வேலையிலிருந்தும் நிறுத்தினேன். அதில் தவறில்லை. அன்று வீட்டில், “உண்மையைச் சொல்லுற வரைக்கும் இவனுக்குச் சோறு போடாதே” என்று மனைவியிடம் சொன்னதுதான் தவறு.

மறுநாள் காலை அவனை எழுப்ப முடியவில்லை. பற்கள் கிட்டியிருந்தன.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்பச் சாப்பிட்டான்?” என் மனைவி பேச்சியம்மாள் சொன்னாள்: “நேத்து மத்தியானம். பிள்ளை வச்சிருந்த கருப்பட்டியயும் இவுக எறிஞ்சிட்டாக.”

டாக்டர் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். ஊசி முடிவதற்குள் அவன் கண் திறந்து, “கலவைக்கு நேரமாச்சா?” என்றான். தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) என்றார் டாக்டர். “அவன் குடிக்கலய்யா. குடிச்சவன் மாதிரி ஆக்குற நோய் இது. கருப்பட்டிதான் இதுவரைக்கும் காப்பாத்தியிருக்கு.”

மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதலில் கணையத்தைச் சந்தேகித்தார்கள் (இன்சுலின் என்ற, சர்க்கரையைக் குறைக்கும் சுரப்பை உண்டாக்கும் உறுப்பு). பிறகு ஒரு பெரிய டாக்டர் அவன் மார்பை விரலால் தட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பானைபோல ஒலித்தது. வலப்பக்கம் மரக்கட்டைபோல இருந்தது. எக்ஸ்ரே படத்தில் நுரையீரலின் உறையை ஒட்டி ஒரு கட்டி, உரிக்காத தேங்காய் அளவில்.

“நெஞ்சில இருக்கிற கட்டி சர்க்கரையை எப்படிக் குறைக்கும்?” என்று கேட்டேன்.

“இன்சுலின் மாதிரி ஏதோ ஒண்ணைச் சுரக்குதுன்னு நினைக்கிறோம். அது என்னன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. எடுத்தா நிக்கும்.”

அறுவைக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். குறித்த நாள் வரும்வரை இரண்டு மணிக்கொரு தரம் அவனுக்கு ஏதாவது ஊட்டினோம். தூங்குகிறவனை எழுப்பிச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பேன். “பட்டினி போட்ட கைதானப்பா இது?” என்று ஒரு முறை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவையில் கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது. அன்று மாலையே சர்க்கரை ஏறியது. மூன்றாம் நாள் குளுக்கோஸ் பாட்டிலைக் கழற்றினார்கள். முதல் முறையாக ஓர் இரவு முழுக்க அவன் எதுவும் சாப்பிடாமல் தூங்கி எழுந்தான். அதை நம்ப எனக்குப் பல வாரம் ஆயிற்று. கட்டி திரும்பவும் வரலாம், வருஷத்துக்கு ஒரு படம் எடுங்கள் என்றார்கள். எங்களுக்கு இப்போது ஒரு வருஷம் என்பது ஒரு படத்திலிருந்து அடுத்த படம்வரை.

உங்கள் வீட்டிலும் விடியலில் யாராவது வியர்த்து, தடுமாறி, பிதற்றினால், தண்டிக்குமுன் வாயில் கொஞ்சம் இனிப்பு போடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

செல்வராசு இப்போது பெட்டி கட்டும் பகுதியில் வேலை செய்கிறான். முதுகிலிருந்து விலாவரை நீண்ட தழும்பு. மழைக்கு முன் இழுக்கிறது என்பான். எனக்கோ பசி வந்தாலே கை நடுங்குகிறது. நோய் எனக்கில்லை என்று உடம்புக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

போன வாரம் கம்பெனி கேட்டில் எல்லோர் மடியையும் பார்த்து முடித்தேன். அவன் என் எதிரே வந்து நின்றான்.

“போர்மேன் மடிய யாரு பாக்குறது? காட்டுங்கப்பா.”

காட்டினேன். இரண்டு கட்டி கருப்பட்டி இருந்தது. ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு, மற்றதை என் மடியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனான். இரண்டு செருப்பையும் வாசலில் கழற்றிப் போட்டிருந்தான்.