பதினோராவது வளைவு

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதுதான் இருபத்து மூன்று வருடங்களாக அவருடைய வேலை. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கழற்றி எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் கூடப் படித்த தோழர்கள் வைத்த பெயர் மில்லி. முதலாளியே சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிடுவார்.

வெயிலே எட்டிப் பார்க்காத அந்த அறையில் ஆறு நாள் குனிந்தே கிடப்பவருக்கு ஏழாம் நாள் மலைதான் உயிர். தோழர்கள் நான்கு பேர்: பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், மில்லி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு ஆற்றுப் பாலத்தில் சேர்ந்து, சைக்கிளில் பதினான்கு வளைவுகள் ஏறி, உச்சியில் டீ குடித்துவிட்டு வெயில் வருவதற்குள் இறங்குவார்கள். குளிர்காலத்தில்தான் ருசி அதிகம். இரண்டு காலுறை, காதை மூடிய தொப்பி, இறங்கும்போது நெஞ்சில் குளிர் ஏறாமலிருக்கச் சட்டைக்குள் பழைய செய்தித்தாள். "ஏறும்போது மூச்சு வாங்குது, இறங்கும்போது பல்லு தந்தியடிக்குது. சண்டை போட நேரமே இல்ல, அதான்டா நம்ம நட்பு நிலைச்சிருக்கு" என்பார் வாத்தியார்.

மில்லி எப்போதும் கடைசியில்தான் வருவார். காலில் வலு இல்லாமல் அல்ல. யாருக்காவது டயர் பஞ்சரானால் ஒட்டிக் கொடுக்க ஒருவன் பின்னால் வர வேண்டுமே என்று அவராகவே எடுத்துக்கொண்ட இடம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கை நீட்டினால் கை தெரியாத பனி. இறங்கத் தொடங்கும்போது டாக்டரின் சைக்கிள் விளக்கு அணைந்துபோனது.

"வெளிச்சம் வரட்டும், பத்து நிமிஷம் நிக்கலாம்" என்றார் மில்லி.

"கண்ண மூடிக்கிட்டே இறங்குவேன்டா நான்" என்று சிரித்தபடி டாக்டர் முதல் ஆளாகப் பாய்ந்தார்.

பதினோராவது வளைவில் மில்லி வந்து சேர்ந்தபோது மூன்று சைக்கிள்களும் ஓரத்தில் நின்றன. சாலையில் ஒரு பெரியவர் கிடந்தார். மலைமேல் இருக்கும் நீரேற்று நிலையத்தின் இரவுக் காவலாளி. வேலை முடிந்து நடந்தே வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே தப்பான பக்கம் திரும்பியிருந்தது. டாக்டருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். முகம்தான் வெளிறிப்போயிருந்தது.

"நாங்க கீழ போய் வண்டி அனுப்பறோம். நீ இவரப் பாத்துக்கோ, அஞ்சே நிமிஷம்" என்றார் மருந்துக்கடைக்காரர். மூவரும் போனார்கள்.

வண்டி வரவில்லை. மில்லி தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் பெரியவர்மேல் போர்த்தி, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "யாருப்பா மோதினது?" என்று அவர் முனகியபோது, "பேசாதீங்க ஐயா, படுத்திருங்க" என்றார். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காய்கறி வேன் வந்தது. அதில்தான் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே நடையில் நிற்கும்போது மருந்துக்கடைக்காரரிடமிருந்து போன்.

"வண்டி ஒண்ணும் கிடைக்கலடா. சரி, கேளு. மோதினது யாருன்னு கேட்டா உன் பேரையே குடுத்துடு. அவன் டாக்டர், நாலு பேருக்குத் தெரிஞ்சவன். பேர் கெட்டா கிளினிக்க மூடிட்டுப் போகணும். உனக்கென்ன, பின்னாடி ரூம்ல உட்கார்ந்து வேலை பாக்கறவன்."

அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் முப்பது வருடப் பழக்கம். மோதியது யார் என்று கேட்டுப் பதிவேட்டை நீட்டிய மருத்துவமனை ஊழியரிடம் தன் பெயரைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். போலீஸ் வந்து கேட்டபோது பெரியவர், "வேணும்னேவா மோதினாரு? விட்டுட்டு ஓடாம கொண்டுவந்து சேர்த்தாரே, அது போதும். புகார் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் உள்ளதைச் சொன்னார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்க உங்கள நல்லவருன்னு நினைச்சீங்க. அவங்க உங்கள இளிச்சவாயன்னு நினைச்சாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு பாலத்தில் தோழர்கள் அவரைக் கட்டிப்பிடிக்காத குறை. "நீ மனுஷன்டா" என்றார் டாக்டர். அந்தப் பாசம் மூன்று வாரம் தாங்கியது. பிறகு இரண்டு புது ஆட்கள் சேர்ந்தார்கள். அதில் ஒருவர் மில்லியைப் பார்த்ததும் வாத்தியாரின் காதில், "அந்தக் காவலாளிய இடிச்சவரு இவர்தானா?" என்று கிசுகிசுத்தது மில்லிக்கே கேட்டது. வாத்தியார் மறுக்கவில்லை.

அந்த வாரமே வாத்தியார் கடைக்கு வந்தார். இதுவரை எட்டிப் பார்க்காத பின்னறைக்குள் நுழைந்து, உட்காராமலே சொன்னார்.

"தப்பா எடுத்துக்காத. இருட்டுல உன்கூட இறங்க புதுசா வர்றவங்க பயப்படறாங்க. கொஞ்ச நாள் வராம இரேன்."

"நான் மோதலைன்னு உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும்டா. அவங்களுக்குத் தெரியாதே."

இயந்திரத்தை நிறுத்தாமலேயே மில்லி தலையாட்டினார்.

கோடை வந்தது. ஒரு நாள் மருந்துக்கடையில் டாக்டர் எதிர்ப்பட்டார். சுற்றிலும் ஐந்தாறு பேர். மில்லியின் தோளில் கை போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கியா? பனியில யாருக்கு வேணா நடக்கும். மனச விட்டுடாத" என்று ஆறுதல் சொன்னார். மில்லி அவர் கண்ணையே பார்த்தார். ஒரு கண்சிமிட்டலாவது, ஒரு கூச்சமாவது இருக்கும் என்று தேடினார். இல்லை. கடைக்குள் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரரும் தலைநிமிரவில்லை. நெஞ்சறிந்து பொய் சொல்கிறவனோடு சண்டை போடலாம். தன் பொய்யைத் தானே நம்பிவிட்டவனை என்ன செய்வது?

அன்று மாலை கடையிலிருந்து நேராகக் காவலாளியின் வீட்டுக்குப் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. பெரியவரின் கால் கோணலாகவே சேர்ந்திருந்தது. நீரேற்று நிலையத்தின் இரும்பு ஏணியில் ஏற முடியாமல் வேலை போய்விட்டது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மகள் காலை மிதியிலிருந்து எடுக்காமலே பார்த்தாள்.

மில்லி நின்றபடியே சொல்லி முடித்தார். விளக்கில்லாமல் இறங்கியது, மோதியது டாக்டர் என்பது, போனில் வந்த பேச்சு, எதையும் விடவில்லை. நெஞ்சுப் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார்.

மெஷின் நின்றது.

"டாக்டரா?" என்றாள் அவள். "பேரு கெட்டுடும்னு பயந்தாருன்னா, அன்னிக்கே நாங்க அவரு முன்னால போய் நின்னிருந்தா, அப்பாவ நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்துச் சேர்த்திருப்பாரே? எலும்பு டாக்டருங்க எல்லாம் அவருக்கு ஃபிரண்டா இருப்பாங்க இல்ல? கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ண ஆளு வர்றதுக்கே ஒன்பது நாள் ஆச்சு. உங்களப் பாத்தா பாவமா இருந்துச்சு, இவர்கிட்ட என்னத்தக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்."

மில்லிக்கு இது தோன்றியதே இல்லை. தான் விட்டுக்கொடுத்தது தன் பெயரை மட்டும்தான் என்று இத்தனை மாதம் எண்ணியிருந்தார்.

"விடும்மா" என்றார் கட்டிலில் இருந்த பெரியவர். "இவரு இல்லன்னா நான் அங்கேயே விறைச்சிருப்பேன்."

"இவரு வாயத் திறந்திருந்தா நீங்க நேரா நடந்திருப்பீங்கப்பா."

இரண்டுமே உண்மை. மில்லி, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. யாரு கேட்டாலும் சொல்றேன், சாட்சிக்கு வர்றேன்" என்றார்.

"ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல இருக்கறது உங்க கையெழுத்துதானே? அத என்ன பண்ணுவீங்க?"

அவள் துணியை இழுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தலையைக் குனிந்து, படிக்கட்டுக்கு அடியிலிருந்து மில்லி வெளியே வந்தார்.