திருநீறு வைக்காத சூடம்

ஹைபோங் துறைமுகத்தில் எங்கள் கப்பல் பழுதுக்காக நின்றபோது, கூட வேலை பார்த்த வியட்நாம்காரன் ஒரு மதியம் என்னைத் தன் தெருக் கோயிலுக்குக் கூட்டிப் போனான். பீடத்தின் முன் ஐம்பது வயது ஆண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலைமேல் சிவப்புத் துணியைப் போர்த்தினார்கள். சாமி இறங்கி அவர் தலை சுழன்றது. துணியை எடுத்ததும் உதவியாட்கள் அவருக்குப் பெண்ணுடை உடுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் அவர் இளவரசியானார், தளபதியானார், மலைக்காட்டுப் பெண்ணானார். யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் உடைகளை அவரே கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு தேநீர் குடித்தார். நான் அவருடைய உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழவென்று இருந்தது. வெளியே வந்தபின் நண்பன் அவரைப் போல இடுப்பை வளைத்து நடந்து காட்டினான். அவர் கையால் பிரசாதப் பழம் வாங்கிய இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது எங்கள் ஊர்ச் சிரிப்புதான்.

எங்கள் ஊர் கமுதியிலிருந்து உள்ளே தள்ளி. அம்மாவின் தம்பி, என் மாமா, மிளகாய்க் காட்டில் கூலி வேலை செய்தார். நடையிலும் பேச்சிலும் பெண் சாயல். வருடத்தில் மூன்று நாள், கோயில் திருவிழாவில், அவர்மேல் ஆத்தா வருவாள். அப்போது அவருக்கு அரக்குச் சேலை கட்டுவார்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டு காலில் விழுவார்கள். மற்ற நாட்களில் அதே ஆண்கள் டீக்கடையில் என்னை நிறுத்தி, "ஏலே, ஒங்க அத்த சௌக்கியமா?" என்பார்கள். மாமாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. எட்டாம் வகுப்போடு நான் ஊரை விட்டு ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் திருவிழாவுக்கு வந்துவிடுவேன். எனக்கு ஒரு வேலை இருந்தது. சாமி வந்ததற்கு அத்தாட்சியாக உள்ளங்கையில் சூடம் ஏற்றுவார்கள். அதற்கு அடியில் நனைத்த திருநீற்றைக் கனமாக அப்ப வேண்டும், கை சுடாமல் இருக்க. அப்புகிறவன் நான். ஊருக்கே தெரியும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

முளைப்பாரியை ஊருணியில் கரைத்ததும் ஆத்தா மலையேறிவிடுவாள். கரையிலேயே சேலையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொள்வது முறை. பத்து வருடத்துக்கு முன் ஒரு திருவிழாவில் மாமா கழற்றவில்லை. மறுநாள் காலையிலும் அதே சேலையோடு ஊருணிக்குத் தண்ணீர் எடுக்க வந்தார். ஊர் கூடிவிட்டது.

"ஆத்தா இன்னும் மலையேறல," என்றார், இடுப்புக் குடத்தை இறக்காமல்.

ஊர்ப் பெரியவருக்குக் கோபமே வரவில்லை. "அப்பச் சரி. ஆத்தாவுக்குச் சுடாது. சூடத்த வைங்கப்பா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "துன்னூறு வேணாம்."

மாமா குடத்தை இறக்கிவிட்டுக் கையை நீட்டினார். நீட்டியபடியே என் விரல்களைப் பார்த்தார். திருநீறு இல்லை என்று தெரிந்துகொண்டார். கழற்றிவிடுகிறேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. நான் பற்ற வைத்தேன். பற்ற வைக்கச் சொல்லி என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை. அந்த 'அத்தை' இன்றோடு ஒழியட்டும் என்றுதான் நினைத்தேன். சூடம் எரிந்து தீரும்வரை அவர் கையை மடக்கவில்லை. தோல் கருகும் வாடை வந்தது. அதன் பிறகுதான் கத்தினார். "ஆம்பளச் சத்தந்தான் வருது," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். சேலையை அவர்களே உருவினார்கள். நான் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

மாமா இப்போது திருப்பாலைக்குடியில் கருவாடு காயவைக்கும் களத்தில் இருக்கிறார். வலது கை விரல்கள் உள்ளே மடங்கி ஒட்டிவிட்டன. போய்ப் பார்க்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்பார். அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மறந்துவிட்டார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம், ஹைபோங்கில் வாங்கிய சிவப்புத் துணி ஒன்றை அவரிடம் கொடுத்து, அங்கே கண்டதைச் சொன்னேன். வெளியே கேட்ட சிரிப்பைச் சொல்லவில்லை. அவர் இடது கையால் கருவாட்டைப் புரட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றே ஒன்று விசாரித்தார்.

"முடிஞ்ச பெறகு சேலைய யாரு உருவுனா?"

"அவரேதான் கழட்டி மடிச்சு வச்சாரு."

துணியை மடிமேல் விரித்து மடிக்கப் பார்த்தார். கடல்காற்று ஒரு முனையைத் தூக்கியது. வலது கையால் அதைப் பிடிக்க முடியவில்லை. என்னிடம் நீட்டினார்.

"நீ மடிச்சுக் குடு மாப்ள. சூடம் வச்ச கைதான?"

மடித்துக் கொடுத்தேன். ஓரங்கள் சரியாகச் சேரவில்லை. அவர் அதைக் கருவாட்டுக் கூடைக்கு அடியில் செருகிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.