வலது பக்கத்துப் பால்

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் பெண் என் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

“அம்மே, மோளெவிடெ?” என்றாள்.

பிள்ளை பெற்ற மகள் எங்கே, அவளை வரச் சொல்லுங்கள் என்று அர்த்தம். மகள் என் மடியில்தான் இருந்தாள். மூன்று மாதக் குழந்தை. பெற்றவள் நான்தான் என்று மலையாளத்தில் சொன்னேன். அவள் மறுபடியும் என் தலைமுடியைப் பார்த்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எங்கோ படித்துவிட்டு, மாசமாக இருக்கும்போதே சாயம் பூசுவதை நிறுத்தியிருந்தேன். படித்ததையெல்லாம் கடைப்பிடித்தால் நாற்பத்து மூன்று வயதிலேயே அறுபதைத் தொட்டுவிடலாம்.

வேறு நேரமாக இருந்தால் இதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்று வலது கையைத் தூக்க முடியவில்லை. வலது மார்பு கல்லாக இறுகி, ஓரத்தில் சிவந்து பளபளத்தது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. கேரள எல்லையோரத்து முதலமடை வெயிலில், மாங்காய் லாரிகள் வரிசையில் நிற்கிற மாதத்தில், இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தவள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

தொடங்கும்போது அந்தக் கட்டி நெல்லிக்காய் அளவுதான் இருந்தது.

வீட்டில் அப்போது என் கணவரின் அக்கா இருந்தார். அவரை நங்கையா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு அம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை என்பதால் பிள்ளைப்பேறு பார்க்க அவர்தான் கொல்லங்கோட்டிலிருந்து பெட்டியோடு வந்திருந்தார். அவர் நாலு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவர். நான் பால் கொடுப்பதைப் பற்றி நாலு புத்தகம் படித்தவள். எங்கள் இருவரில் யார் பேச்சு எடுபடும் என்பதில் வீட்டுப் பூனைக்குக்கூடச் சந்தேகம் இருந்திருக்காது.

நெல்லிக்காயைத் தொட்டுப் பார்த்தார். “பால் கட்டிக்கிச்சு அம்மணி. கெட்ட பாலாயிருக்கும். அந்தப் பக்கம் புள்ளைக்கு வெக்காத.”

“வெக்கோணும்னுதானுங்க நங்கையா புத்தகத்துல போட்டிருக்குது. புள்ள குடிச்சாத்தான் கட்டு கரையுமாமா.”

“புத்தகம் எழுதுனவிய எத்தன பெத்தாங்களாமா?”

“அதப் போடலீங்க.”

“போட மாட்டாங்க,” என்றார்.

நான் மேற்கொண்டு வாதாடவில்லை. குழந்தை அந்தப் பக்கம் வாய் வைத்தால் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. நங்கையா சொன்னதையேதான் வலியும் சொல்லிக்கொண்டிருந்தது. நாலு புத்தகத்துக்கு எதிராக இரண்டு சாட்சி.

இடது பக்கம் மட்டும் குழந்தைக்கு, வலது பக்கத்தை வற்ற வைத்துவிடுவது என்று முடிவானது. பால் மறக்கடிக்க எங்கள் பக்கத்தில் மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள். வற்றினால் வீக்கமும் இறங்கிவிடும் என்பது நங்கையாவின் கணக்கு. பூ வாங்கி வரும் பொறுப்பு என் கணவருக்கு.

என் கணவர் மாங்காய் வியாபாரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு முழம் பூ வாங்கி வந்தவரில்லை. அன்று வண்டியில் ஒரு பெரிய பொட்டலம் தொங்க வந்து சேர்ந்தார். மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகை எங்கள் வாசலை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி கையிலிருந்த காயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்ணா, இத்தன பூவும் ஊட்டுக்குங்களா? இப்பத்தான ஒண்ணு பொறந்துச்சு?”

கொட்டகையே சிரித்தது. அவர் காது சிவக்க உள்ளே வந்து, “இந்தா, உன்ற பூவு,” என்று பொட்டலத்தைக் கட்டிலில் போட்டுவிட்டு லாரிக்கு ஓடிவிட்டார். நங்கையா ஜன்னலைச் சாத்திவிட்டு, பழைய வேட்டியைக் கிழித்து, பூவை அணைத்து இறுக்கிக் கட்டினார். இருபது வயதில் கிடைத்திருந்தால் இந்த மல்லிகைக்கு நான் எவ்வளவோ ஆடியிருப்பேன். இப்போது அதன் வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வலி தாங்காதபோது அந்தப் பக்கம் கொஞ்சம் பாலை ஒரு டம்ளரில் பீய்ச்சி எடுத்தோம். நங்கையா டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு வெயிலில் தோட்டத்து வாய்க்கால் வரை நடந்துபோய், ஓடுகிற தண்ணீரில் ஊற்றிவிட்டு வந்தார். வாசலில் ஊற்றினால் என்ன என்று கேட்டேன்.

“எறும்பு மொய்ச்சா பாலு வத்திப் போயிரும் அம்மணி.”

“வத்தோணும்னுதானுங்க பூவே கட்டியிருக்குது?”

“அது இந்தப் பக்கத்துக்கு. எறும்புக்குத் தெரியுமா எந்தப் பக்கத்துப் பாலுன்னு? அதுபாட்டுக்கு ரெண்டையும் வத்த வெச்சுப் போடும்.”

நான் குனிந்து, வாசலில் எறும்பு ஏதாவது ஊர்கிறதா என்று பார்த்தேன்.

இடது பக்கமாவது வற்றாமல் இருக்க வேண்டும் என்பதில் அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம். காரணம் சொல்கிறேன். இந்தப் பிள்ளையை நான் கருத்தரித்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். கோயம்புத்தூரில் ஊசியும் குழாயுமாக ஒரு கூட்டமே சேர்ந்து கருத்தரித்தது. பெற்றதும் நானில்லை, கத்தி. நான் மேஜையில் படுத்து விட்டத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் பிள்ளையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டதும் யாரும் ஊசி போடாமல், யாரும் கையெழுத்து வாங்காமல், தானாகப் பால் வந்தது. என் உடம்பு யாருடைய உதவியும் இல்லாமல் இந்தப் பிள்ளைக்குச் செய்த ஒரே காரியம் அது. அதையும் விட்டுவிட்டால் நான் அவளுக்கு யார் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. டோக்கன் பெண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை.

பூ வாடியது. பால் வற்றவில்லை. நெல்லிக்காய் எலுமிச்சை ஆனது. கணவர் வந்து தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, “ரெண்டு நாள் கெடக்கட்டும், பாக்கலாம்,” என்றார். விலை இறங்கினால், லாரி வராவிட்டால், மழை மிரட்டினால் அவர் சொல்வது இதுதான். மாங்காய் விஷயத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எலுமிச்சைக்கும் மேலே போய்க் குளிர் ஜுரம் வந்து, தெர்மாமீட்டரைப் பார்த்த நங்கையா அதை உதறிவிட்டு மறுபடி என் நாக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் கார் கிளம்பியது.

டாக்டர் சின்னப் பெண், மலையாளம் கலந்த தமிழ். என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. ஸ்கேன் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கோத்திருக்கிறது, திறந்துதான் எடுக்க வேண்டும் என்றார். தோலில் ஒட்டிக் காய்ந்திருந்த ஓர் இதழை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“பூ வெச்சு கெட்டினதா?”

“ஆமா.”

“சேச்சி, பால் எடுக்காம நிறுத்தினதுகொண்டுதான் இவ்வளவு ஆயது. குழந்தை குடிச்சிருந்தா ஒருவேளை முதல்லயே கரைஞ்சிருக்கும்.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போடலாம். அந்தக் குரலில் இருந்தது வெறும் வருத்தம். அதோடு என்ன செய்வது?

நங்கையா குழந்தையோடு ஓரமாக நின்றிருந்தார். “அது கெட்ட பாலில்லீங்களா டாக்டர்?” என்று கேட்டார்.

“பால் கெடல்ல அம்மா. குழந்தைக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

நங்கையா தலையாட்டினார். குழந்தையின் குல்லாயைக் கழற்றினார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றினார். “புத்தகத்தில் இதைத்தான் போட்டிருந்தது” என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. இடது கையை நீட்டிக் குல்லாயை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திறந்தார்கள். மயக்க மருந்து கொடுத்ததால் அதைப் பற்றி எனக்கு எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது அதற்குப் பிந்திய காலைகளைத்தான். காயத்தை உடனே மூடிவிடக் கூடாதாம். உள்ளேயிருந்து ஆறி வர வேண்டுமாம். அதற்காகக் குழிக்குள் நீளமான துணிப்பட்டையைத் திணித்திருந்தார்கள். தினமும் நர்ஸ் அதை இழுத்து எடுத்துவிட்டுப் புதியதைத் திணிப்பார். திருவிழாவில் வித்தைக்காரன் வாயிலிருந்து ரிப்பன் எடுப்பானே, அதேபோல வந்துகொண்டே இருக்கும். இவ்வளவு துணிக்கு எனக்குள் இடம் இருந்தது எனக்கே செய்தி. நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லப் பார்ப்பேன். நர்ஸ் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகவே தெரியும். சிரித்ததில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் சிரித்திருக்க முடியாது என்று பிறகு புரிந்தது.

ஒருநாள் பட்டையை எடுத்ததும் நர்ஸ் குனிந்து பார்த்தார். டாக்டரைக் கூப்பிட்டார். சீழ் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக வெட்டிய இடத்தின் வழியாக வெள்ளையாக ஏதோ கசிந்தது. சீழ் இல்லை, பால். காம்பை விட்டுவிட்டுக் காயத்தில் வழி கண்டுபிடித்திருந்தது.

“சிலருக்கு இப்படி ஆகும்,” என்றார் டாக்டர். “இடது பக்கம் கொடுக்கிறதை நிறுத்த வேண்டாம். ஆனா பால் வந்துட்டே இருந்தா காயம் மூட நாள் பிடிக்கும். எத்தனை நாள்னு சொல்ல முடியாது. சீக்கிரம் மூடணும்னா பால் நிக்கறதுக்கு மாத்திரை இருக்கு.”

“வலது பக்கத்துக்கு மட்டுமா?”

“அப்படி ஒரு மாத்திரை இல்ல சேச்சி. ரெண்டும் நின்னு போகும்.”

மருத்துவமும் எறும்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின. இப்போதே முடிவு சொல்ல வேண்டாம், வீட்டில் பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று மாத்திரையை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்; கட்டு மாற்ற மட்டும் தினமும் போய்வர வேண்டும்.

வீட்டில் பேசினேன். கணவர் ரொம்ப நேரம் கையில் ஒரு மாங்காயை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, “உன்ற இஷ்டம்,” என்றார். நல்ல மனிதர். அதைவிட உதவாத இரண்டு வார்த்தைகளைத் தமிழில் தேடிப் பிடிக்க முடியாது. நங்கையாவிடம் கேட்டேன். குழம்புக்குக் கடுகு போடுவது முதல் மாட்டுக்கு எந்தப் பக்கம் கொம்பு சீவ வேண்டும் என்பது வரைக்கும் அவரிடம் கேட்டு முடிவு வராத விஷயம் கிடையாது.

“எனக்கென்ன அம்மணி தெரியும்,” என்றார்.

“நாலு பேருக்குக் கொடுத்தவீங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. என்னையக் கேக்காத.”

அடுக்களைக்குள் போய்விட்டார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்த்த பாத்திரங்களையேதான் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பழையபடி ஏதாவது அதட்டிச் சொல்ல மாட்டாரா என்று இருந்தது. தப்பாகச் சொன்னால்கூடப் பரவாயில்லை.

அதற்கிடையே குழந்தைக்குப் புட்டிப்பால் பழகிவிட்டிருந்தது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நங்கையா கலக்கிக் கொடுத்தது. அவள் அதைக் குடித்த வேகத்தைப் பார்த்தால் என் முடிவுக்கு யாரும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. புட்டி காலியானதும் தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள்.

மறுநாள் மத்தியானம் கட்டு மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மாத்திரை அலமாரியில் இருந்தது. உறையைப் பிரித்து, கையில் எடுத்து, தண்ணீரும் எடுத்துவிட்டேன். அதை விழுங்கிவிட்டால் காயம் மூடும். கட்டில் கம்பியை விட்டுவிடலாம். விழுங்காவிட்டால் எத்தனை நாள் என்று டாக்டருக்கே தெரியாது. உள் அறையில் குழந்தை அழுதாள். பசி அழுகை. நங்கையா புட்டியைக் கழுவப் போனார்.

நான் எழுந்திருக்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. அழுகை கேட்ட மாத்திரத்தில் புதிதாகப் போட்ட கட்டு நனைந்துவிட்டது. ரவிக்கை நனைந்து, புடவை நனைந்து, இடுப்பு வரைக்கும் வெதுவெதுவென்று இறங்கியது. இடது பக்கமும்தான். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மாத்திரையைத் தண்ணீர் டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டுக் குழந்தையை எடுத்து இடது பக்கம் வைத்தேன். இரண்டு முறை முகத்தைத் திருப்பினாள். மூன்றாவது முறை பிடித்துக்கொண்டாள். இவள் இங்கே ஒவ்வொரு வாய் இழுக்கும்போதும் அங்கே காயத்தில் சுருக்கென்று இழுத்து, பால் கட்டைத் தாண்டிச் சொட்டியது. ஒருத்திதான் குடிக்கிறாள், உடம்பு இரண்டு பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

புட்டியோடு வந்த நங்கையா பார்த்துவிட்டார். புட்டியைக் கீழே வைத்துவிட்டு, துண்டை நாலாக மடித்து வலது பக்கத்துக்கு அடியில் பிடித்துக்கொண்டார். துண்டு நனைந்தது. திருப்பி மடித்துப் பிடித்தார்.

“வலிக்குதா அம்மணி?”

“வலிக்குதுங்க.”

“புள்ளய எடுத்தறட்டுமா?”

குழந்தையின் தாடை அசைந்துகொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தாள்.

“குடிக்கட்டுமுங்க,” என்றேன்.