மருந்து கொடுத்தேனா?

சனிக்கிழமைதோறும் அந்த அக்கா எங்கள் தச்சநல்லூர் வீட்டுக்கு வருவார்கள். கணவனையோ மனைவியையோ இழந்து தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு உதவ எங்கள் சர்ச் சபையில் சிலர் சேர்ந்திருந்தார்கள். அக்கா அவர்களில் ஒருவர். அவர்கள் என் மகளைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் நான் கொஞ்சம் தூங்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. நானோ விடிந்ததும் வீட்டைக் கழுவி, மகளுக்குத் தேய்த்த கவுன் போட்டு, வாழைக்காய் பஜ்ஜி சுட்டு வைத்துக் காத்திருப்பேன்.

"ஏட்டி, பஜ்ஜியெல்லாம் போட்டு வச்சிருக்கே. நான் என்ன சம்பந்தகாரியா?" என்பார்கள்.

சிரிப்பேன். உள்ளுக்குள் பயம். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து மாமியார், "பிள்ளைய இங்கன விட்டுரு. ஒத்தையில உன்னால முடியாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நான் தடுமாறுவதை அக்கா பார்த்துவிட்டால் சபை வழியாகவே அது அங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். என் கணவரும் காய்ச்சல் என்றுதான் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் மருந்து பாட்டில் மேசைமேல் திறந்து கிடக்கிறது. கொடுத்தேனா, கொடுக்கப் போய் அவள் அழுததும் வைத்துவிட்டேனா? மறுபடி கொடுத்தால் அதிகமாகிவிடுமோ? கொடுக்காவிட்டால் காய்ச்சல் ஏறிவிடுமோ? முன்பு, "நீங்க குடுத்தீங்களா?" என்று கேட்க வீட்டில் ஒருவர் இருந்தார். அவள் வாயை முகர்ந்துகூடப் பார்த்தேன். பால் மணம்தான் வந்தது.

அக்கா வந்ததும் வழக்கம்போல் காபியை நீட்டினேன். அவர்கள் அதை வாங்காமல் மகளைத் தொட்டார்கள்.

"கொதிக்குதே! மருந்து குடுத்தியா?"

கொடுத்தேன் என்று சொல்லத்தான் நினைத்தேன்.

"தெரியலக்கா."

அக்கா என் மகளைத் தூக்கிக்கொண்டு, "செருப்ப மாட்டு" என்றார்கள். ஆட்டோவில் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன்.

"கடைசியா எப்ப மருந்து குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"குடுத்தோமா இல்லையான்னே ஞாபகம் இல்ல டாக்டர்," என்றார்கள் அக்கா. "நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

டாக்டர் திட்டவில்லை. மதியம்வரை இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார். அந்த நேரம் பார்த்து மாமியாரிடமிருந்து போன் வந்தது. அணைத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"எடுத்து உள்ளதச் சொல்லு," என்றார்கள் அக்கா. "பிள்ளையக் கொண்டாரச் சொன்னா எங்கிட்டக் குடு. நான் பேசுதேன்."

போனை எடுத்து, "அத்த, பிள்ளைக்குக் காய்ச்சல்," என்று தொடங்கினேன்.