கழுவிய தொட்டி

அப்பா இறந்த அன்று அத்தை முதலில் செய்த வேலை, மீன் தொட்டியின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு மூடியதுதான். துக்க வீட்டில் கண்ணாடியில் முகம் தெரியக்கூடாதாம். அலமாரிக் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பியாயிற்று, டிவிக்குத் துணி போட்டாயிற்று, மீன் தொட்டியும் கண்ணாடிதானே என்றார். அத்தை அப்பாவுக்கு அக்கா. குரூணிலிருந்து வந்து இறங்கிய நிமிடத்திலிருந்து வீடு அவர் கையில்.

தொட்டியில் இருந்தது ஒரே ஒரு லோஹான். நெற்றி புடைத்த, சிவந்த, முரட்டு மீன். வாழ்நாளெல்லாம் செம்பனை லாரி ஓட்டிய அப்பா, பீடோங்கில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்த பிறகு பிடித்துக்கொண்ட பைத்தியம் அது. தொட்டியை அவர் சுத்தம் செய்கிற அழகைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். அடியில் கிடக்கும் கழிவை ரப்பர் குழாயால் உறிஞ்சி வாளியில் விடுவார். பில்டர் பஞ்சை அதே வாளித் தண்ணீரில் இரண்டு பிழி பிழிந்து, பழுப்பு நிறம் போகாமலே திரும்பச் சொருகிவிடுவார். மிச்சத் தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. “இதுக்குப் பேரு கழுவுறதா?” என்று அம்மா கத்துவார். அப்பா காதில் வாங்கவே மாட்டார். சாயங்காலம் மீனுக்குத் தீனி போட்டு, அது தின்று முடித்த பிறகுதான் அப்பாவும் அம்மாவும் சோற்றுக்கு உட்காருவார்கள்.

வேட்டி போட்டு மூடிய தொட்டிக்குள்ளிருந்து பட்டப்பகலில் சத்தம் வர ஆரம்பித்தது. டொக்... டொக். லோஹான் கல்லைக் கவ்வித் தூக்கிக் கண்ணாடியில் போடும், அதன் குணமே அப்படி. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் முதுகு சில்லிட்டது, ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கு அம்மா பதில் சொன்னார். “இருங்க, வரேன்.” எழுந்து போய் வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, தீனி போட்டு, உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே நிற்பார். அது தின்றதும் வந்து தட்டை எடுப்பார்.

அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சுருண்டு விழுந்துவிடுவார். எப்படியோ சாப்பிட்டால் சரி, தொட்டியோடு பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டேன்.

கருமாதி அன்று காலை பூவும் பழமும் வாங்க பாசாருக்குப் போனேன். திரும்பி வந்தபோது தொட்டி பளபளவென்று இருந்தது. வேட்டி இல்லை, பழுப்பு இல்லை, ஒரு துளி பாசி இல்லை. மீனை வாளியில் போட்டுவிட்டு, கல்லையெல்லாம் மஞ்சள் தண்ணீரில் தேய்த்து, பழைய பஞ்சைக் குப்பையில் எறிந்து, புதுப் பஞ்சு வைத்து, பைப்பைத் திறந்து நிரப்பியிருந்தார் அத்தை.

“அப்பா அப்படிக் கழுவ மாட்டாரு அத்தை!” என்றேன்.

“தீட்டு வீட்டுல பீத்தண்ணிய வெச்சிக்கிட்டா காரியம் பண்ணுவ?” என்று என் வாயை அடைத்தார்.

அதே மஞ்சள் தண்ணீரில்தான் அம்மாவையும் குளிப்பாட்டியிருந்தார்கள். வளையல் இல்லாத கையோடு, நெற்றியில் ஒன்றுமில்லாமல், அம்மா தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். மீன் ஒரு மூலையில் அசையாமல் நின்றது. யாருமே குடியில்லாத வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

அத்தை ஊருக்குப் போன பிறகு தண்ணீர் வெளுக்கத் தொடங்கியது. முதலில் லேசாக, பிறகு அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. நடுமதிய வெயில் நேராக விழுந்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. திடீரென்று அந்தப் புடைத்த நெற்றி மட்டும் கண்ணாடியை ஒட்டி வந்து, கொஞ்ச நேரம் நின்று, மறைந்துபோகும். டொக் சத்தம் நின்றுவிட்டது. போட்ட தீனி மிதந்தது. “என்னாங்க, ஏன் பேச மாட்றீங்க?” என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தட்டைத் தொடவில்லை. ஒருநாள் அடுப்படியில் விழுந்துவிட்டார். வாயில் சீனித் தண்ணீரை ஊற்றி எழுப்பினேன். அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் போய்விடுவாரோ என்று அன்றைக்குத்தான் பயந்தேன்.

திகாம் பத்துவில் இருக்கும் அப்பாவின் கூட்டாளிக்குப் போன் அடித்தேன். அவரும் மீன் வளர்ப்பவர்.

“அடக் கடவுளே, பஞ்சையே தூக்கிப் போட்டுட்டீங்களா? அந்த அழுக்குலதாம்மா உயிரு இருக்கு. மீனோட கழிவ அதுதான் தின்னு தண்ணிய காப்பாத்தும். இரு, உங்கப்பா போன வருசம் அவரு பஞ்சுல பாதிய வெட்டி என் தொட்டிக்குக் குடுத்தாரு. அதக் கொண்டாறேன்லா.”

அன்றைக்கே மோட்டாரில் வந்தார். பிளாஸ்டிக்கில் கறுப்புத் தண்ணீரும், அதற்குள் நாற்றமடிக்கும் பஞ்சும். அம்மா அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். “உறைமோர் மாதிரியா?” என்று கேட்டார்.

“அதே மாதிரிதான் தங்கச்சி. ஆனா இதுக்கும் சாப்பாடு வேணும். மீனு இல்லன்னாலும் ரெண்டு தீனி உருண்டை போட்டு அழுக விடணும். இல்லன்னா செத்துப்போயிரும்.”

மீன் பிழைக்கவில்லை. அந்தப் பஞ்சைப் பில்டரில் சொருகிய மறுநாள் காலையில் பக்கவாட்டில் மிதந்தது. கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே குழி தோண்டிப் புதைத்தேன். அம்மா அழவில்லை, அதுவே எனக்குத் திக்கென்றது. தொட்டியைக் காலி செய்துவிடலாம் என்று பம்பின் சுவிட்சை அணைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்தால் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா மூடியைத் திறந்து, வெறும் தண்ணீரில் தீனி போட்டார். உருண்டைகள் ஊறி, மெல்ல இறங்கி, கல்லுக்கிடையில் போய்த் தங்கின. அவை இறங்கும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து உட்கார்ந்து ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. மீனில்லாத, அவ்வளவு தெளிந்த தண்ணீரைப் பகலில் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. ஹாலைக் கடக்கும்போது வேண்டுமென்றே வேறு பக்கம் பார்ப்பேன். ஆனால் அம்மாவின் சீனி அளவு சீரானது. கன்னத்தில் சதை போட்டது. கிளினிக்கில் நர்ஸ், “நல்லா பார்த்துக்கிறீங்களே அக்கா” என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

போன மாதம் அந்தத் திகாம் பத்து மாமா மறுபடியும் வந்தார். கையில் ஒரு பை, அதற்குள் விரல் நீளத்துக்கு ஒரு லோஹான் குஞ்சு. “தண்ணி இப்ப அருமையா இருக்கும் தங்கச்சி. இதப் போட்டு வளர்த்துக்குங்க.”

அம்மா கேட்டைத் திறக்கவில்லை. கம்பி வழியே அந்தக் குஞ்சைப் பார்த்தார்.

“வேணாம்ணே. மீனு வந்தா அவரு சாப்பாட்ட அது தின்னுரும்.”

மாமா என் முகத்தைப் பார்த்தார்.

“அம்மா சொல்றது சரிதான் மாமா,” என்றேன். “கொண்டு போயிருங்க.”