பதினெட்டாம் நம்பர் இருக்கை

புதுச்சேரி முதலியார்பேட்டை வீட்டு மொட்டை மாடியில், காலில்லாத ஒரு நீலப் பிளாஸ்டிக் இருக்கையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரஷ்யாவிலிருந்து லீவில் வரும்போது பெட்டியில் கொண்டுவந்தது. விமான நிலையத்தில் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்துகூடப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது, குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். "இதுல இன்னா சூதோ" என்று கையெழுத்துப் போடாமல் திரும்பியவர் எங்கள் தாத்தா. அவர் தம்பி போட்டார். அந்தக் குடும்பம் இன்று பாரிசில் இருக்கிறது.

நான் படிக்கப் போய், வோல்கா கரையில் ஒரு சிறு ஊரின் மருத்துவமனையில் வேலைக்கு ஒட்டிக்கொண்டவன். அங்கே டிராக்டர் தொழிற்சாலை ஒரு கால்பந்து கிளப் தொடங்கியிருந்தது. ஐந்து சீசன்தான் அதன் ஆயுள். மூன்றாவதில் மேல் டிவிஷனுக்கு ஏறியது. நாலாவதில் ஆலை கைமாறியது. ஐந்தாவதில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. கேலரியில் என் இருக்கை பதினெட்டு. பதினேழில் விக்தர், ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வோர் ஆட்டத்திலும் தன் ஃப்ளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றுவார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? இவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்தபடியே ஐந்து வருஷமும் குடித்தேன்.

கடைசி ஆட்டத்தில் ஒரு தாளை நீட்டினார். கிளப்பைக் கலைக்கக் கூடாதென்ற மனு என்றார். பொடி எழுத்து, வக்கீல் பாஷை. எனக்குப் பாதிதான் புரிந்தது. இதற்குத்தானா இத்தனை தேநீர் என்றது மனசு. விசாவுக்கு வில்லங்கம் வருமோ என்ற பயம் வேறு. "நாளைக்கு" என்றேன். நம் ஊரில் அதற்கு இல்லை என்று அர்த்தம். அவர் நிஜமாகவே மறுநாள் முழுக்கக் காத்திருந்தாராம். எங்கள் வரிசையில் எல்லாரும் கையெழுத்திட, பதினெட்டுக்கு நேரே மட்டும் வெறுமையாக அந்த மனு போனது. கிளப் எப்படியும் செத்திருக்கும். ஆனாலும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மைதானத்தை இடித்தபோது விக்தர் இரண்டு இருக்கைகளையும் கழற்றி, பதினெட்டை என் கதவருகே வைத்துவிட்டுப் போனார். அடிப்புறத்தில் அவர் கையெழுத்து. பக்கத்தில் காலி இடம். குத்திக்காட்டுகிறாரோ என்று அப்போதும் சந்தேகப்பட்டேன்.

இன்று காலை அந்த இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏண்டா, அந்தாளுக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"அப்ப நீ கையெழுத்துதான் போட்டிருக்கன்னு எப்படி நம்புவாரு?"

படம் எடுத்து அனுப்பினேன். விக்தர் எதுவும் கேட்கவில்லை. பதிலுக்கு அவரும் ஒரு படம் அனுப்பினார். வீட்டு பால்கனியில் பதினேழில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஃப்ளாஸ்க். இரண்டு கோப்பைகளிலும் ஆவி பறக்கிறது.